நங்கூரம் அண்ணன் ஆதரவற்றவர் ஆன கதை

எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். அரசாங்கக் கணக்குப்படி அவர் எனக்கு அண்ணன் இல்லை. யாருக்கும் எதுவும் இல்லை. அதை எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஒரு தடவை இல்லை, பதினொரு வீட்டுக்காகப் பதினொரு தடவை, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டலாம். வரிசையில் உங்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரரே நிற்கிறார்.

அண்ணனை ஊரே நங்கூரம் என்றுதான் கூப்பிடும். இருபது வயதில் படகு ஓட்ட ஆரம்பித்த முதல் நாள், அக்கரைத் துறையில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நங்கூரத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்றில் எறிந்தார். கயிறு கட்ட மறந்துவிட்டார். நங்கூரம் சொன்ன இடத்தில் நின்றது. படகு நிற்கவில்லை. அதில் இருந்த எட்டுப் பேரும் மூன்று வளைவு தள்ளி இறங்கி, சேற்றில் நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

கூடப் பிறந்த அண்ணனா என்றால் இல்லை. அவரைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அந்தச் சமயத்தில் ஊரில் கைக்குழந்தை வைத்திருந்த ஐந்தாறு பெண்கள் முறை வைத்துப் பால் கொடுத்தார்கள். என் அக்காவைப் பெற்றெடுத்திருந்த என் அம்மாவும் அதில் ஒருத்தி. காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று அன்றைக்குப் பிடித்த பழக்கத்தை மனிதர் ஐம்பத்தைந்து வயதிலும் விடவில்லை. படகுக்கு எங்கள் ஆட்களிடம் கூலி வாங்கமாட்டார். பசிக்கும்போது எந்த வீட்டு வாசலில் இருக்கிறாரோ அந்த வீட்டில் நுழைந்து உட்கார்ந்துவிடுவார். கேட்க மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம், தட்டு வைப்போம். படுக்கை மட்டும் துறையில் இருந்த படகுக் கொட்டகையில்.

எங்களைப் பழங்குடி என்று அலுவலகம் சொல்கிறது. நாங்கள் எங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, எங்களுக்கு நாங்கள் 'நம்மாளுங்க'. அந்த ஆற்றங்கரையில் எத்தனை தலைமுறையாக இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. வெள்ளம் வந்து முப்பத்தெட்டு வீடுகளையும் துடைத்து எடுத்துக்கொண்டு போன மறுவாரம், அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் என்ன என்று அலுவலகம் கேட்டது. ஆதாரம் எல்லாம் வீட்டுக்குள் இருந்தது என்றோம். வீடு எங்கே என்றார்கள். கையைக் காட்டினோம். ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளம் ஒரு முற்பகலில் வந்தது. பிள்ளைகள் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்தார்கள். மற்றவர்களை நங்கூரம் அண்ணன் பதினேழு நடை அடித்து மேட்டில் ஏற்றினார். அன்றைக்கு வேலைக்கு விடுப்புப் போட்டு வீட்டில் இருந்த நான் பதினான்காவது நடையில் ஏறினேன். அப்போதே அவர் உள்ளங்கையில் தோல் இல்லை. நாலு பேரை மட்டும் அவரால் எட்ட முடியவில்லை. அந்த நாலு பேரைப் பற்றி எதையும் கிண்டலாகச் சொல்ல என் வாய்க்குத் துணிவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

மற்றதைச் சொல்லலாம். பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டோம். உதவி வந்து குவிந்தது. மூன்று மூட்டை கோட்டு சூட்டு வந்தது. குதிகால் உயர்ந்த செருப்புகள் வந்தன, அதில் பாதி ஒற்றைக் கால். சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் குச்சி நட்ட மாதிரி அங்கேயே நிற்கலாம். நங்கூரம் அண்ணனுக்கு ஒரு கறுப்புக் கோட்டு கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு படகு ஓட்டினார், அக்கரையில் இறங்கியவர்கள் அவரை வக்கீல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

பிறகு ஒரு நிபுணர் வந்தார். ஒலிப்பதிவுக் கருவியை என் வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டி, வெள்ளத்தைச் சமாளிக்க உங்கள் முன்னோர் விட்டுச் சென்ற பாரம்பரிய அறிவு என்ன என்று கேட்டார்.

"தண்ணி ஏறினா மேல ஏறுவோம்ங்க" என்றார் இவர்.

நிபுணர் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். அவருக்குப் பின்னால் மனநல ஆலோசகர் வந்து, எல்லோருக்கும் வண்ணப் பென்சில் கொடுத்து ஆற்றை வரையச் சொன்னார். முப்பத்தெட்டுக் கூடாரத்துப் பெரியவர்களும் குந்தி உட்கார்ந்து நீலக் கோடு போட்டோம். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "உங்க மனசுல கோபம் இருக்கு" என்று கண்டுபிடித்தார். படித்தவர் படித்தவர்தான்.

இதற்கெல்லாம் பிறகுதான் கணக்குக்காரர் வந்தார். யாருக்கு வீடு கட்டிக் கொடுப்பது என்று குடும்ப வாரியாகப் பட்டியல் எடுக்க அலுவலகம் அனுப்பிய ஆள். நல்ல மனிதர், நடு வயது, மூக்குக்கண்ணாடி. தண்ணீர் என்றால் பயம். அக்கரையிலிருந்து தினமும் நங்கூரம் அண்ணன் படகில்தான் வருவார். கணக்குக் கோப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படகு கவிழ்ந்தாலும் கோப்பு கையைவிட்டுப் போகாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு கூடாரம் என்று பதினொரு நாள் எடுத்தார். ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரே கேள்விதான்: "உங்க வீட்டுல எத்தனை பேர்?"

இதில்தான் கோளாறு. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இன்றைக்கு எத்தனை தட்டு வைத்தாய் என்பது. மீன் பங்கு வைப்பவர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், நேற்று ஐந்து என்போம், இன்று ஒன்பது என்போம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே பதிலைச் சொல்கிற வீடு இருந்தால் அந்த வீட்டில் ஏதோ சண்டை என்று பொருள். அவர் கேட்டார், அன்றைக்குச் சாப்பிட்டவர்களை எண்ணிச் சொன்னோம். பதினொரு நாளும் நங்கூரம் அண்ணன் எங்காவது சாப்பிட்டார். எந்தக் கூடாரத்தில் சாப்பிட்டாரோ அந்தக் கூடாரத்துக் கணக்கில் ஏறினார். முதல் வீட்டில் மாமா, இரண்டாவது வீட்டில் சித்தப்பா, ஒரு வீட்டில் மகன், எங்கள் வீட்டில் அண்ணன். தையல்காரி வீட்டில் என்ன உறவு என்று கணக்குக்காரர் கேட்டபோது, அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாம் நம்மாளுதான்" என்றிருக்கிறாள். அவர் 'கணவர்' என்று எழுதிக்கொண்டார். அவள் புருஷனை இழந்து எட்டு வருடம் ஆகிறது.

இத்தனைக்கும் அந்த மனிதரைப் படகில் ஏற்றி வந்தவரே நங்கூரம் அண்ணன். பல கூடாரங்களில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீரில் கண்ணைத் திறக்காதவர் தரையில் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கள் கூடாரத்தில் என் வீட்டுக்காரர், "இன்னிக்கு ஏழு, உங்களையும் சேத்து" என்றார். கணக்குக்காரர் ஏழு என்று எழுதிவிட்டு, யோசித்து, தன்னை மட்டும் அடித்து ஆறு ஆக்கினார். அவ்வளவு நேர்மை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. என்னிடம்தான் வரும். பள்ளிக்கூடத்தில் நான் எழுத்து வேலை பார்க்கிறேன், எங்கள் ஆட்களில் படிவத்தைப் பார்த்தால் ஓடி ஒளியாத ஒரே ஆள் நான். ஒரே நபர் பதினொரு குடும்பங்களில் உறுப்பினராகக் காட்டப்பட்டிருப்பதால், அந்தப் பதினொரு குடும்பங்களின் வீட்டு ஒதுக்கீடும் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததாம். பதினொரு வீட்டிலும் அவரை அடித்துவிட்டதாம். ஊரைக் கரையேற்றியவர் ஊர்க்கணக்கில் இல்லை.

மறுவாழ்வு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். மேசை நிறைய ரப்பர் ஸ்டாம்பு. எந்த வாக்கியத்தையும் 'விதிமுறைப்படி' என்று தொடங்காவிட்டால் அவருக்கு மூச்சு வராது.

"விதிமுறைப்படி அவர் ஒரு குடும்பத்துலதான் இருக்க முடியும். எதுன்னு அவரே சொல்லட்டும். மத்த பத்துப் பேரும் பொய்த் தகவல் குடுத்ததா விசாரணை வரும்."

"பத்துப் பேரும் பொய் சொல்லலைங்க."

"அப்ப பதினொரு பேரும் அவர் எங்க குடும்பம் இல்லைன்னு எழுதிக் குடுங்க. தெரியாம நடந்ததுன்னு முடிச்சுடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கூடாரத் துணி ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பதினொரு வீட்டில் மூன்று வீட்டில் கைக்குழந்தை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு பதினொரு வீட்டுக்காரர்களும் ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். காகிதத்தை அடுக்கி வைத்துக்கொண்டு நான் மேசையில் இருந்தேன். முதலில் யார் வீடு என்று கேட்டேன். எல்லோரும் சுவரில் இருந்த விலங்குப் படங்களை அப்படி ஆர்வமாகப் பார்த்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

கறுப்புக் கோட்டோடு நங்கூரம் அண்ணனே உள்ளே வந்தார். யார் சொன்னது என்று தெரியாது, எங்கள் ஊரில் ரகசியம் இரண்டு அடுப்பைத் தாண்டுவதற்குள் ஊர்வலமாகிவிடும்.

"ஏன் எல்லாரும் பரீட்சைக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? எழுதும்மா. நான் சொல்றேன்."

"அண்ணே, வேணாம். வேற வழி பாக்கலாம்."

"வழி பாத்துக்கிட்டே இருந்தா மழை வந்துடும். எழுது. இந்தப் படகுக்காரருக்கும் எங்களுக்கும் எந்த உறவும் கிடையாது. எழுதிட்டியா? அவர் எங்க வீட்டுல இருந்ததும் இல்ல, சாப்பிட்டதும் இல்ல. போதுமா, இல்ல இன்னும் கொஞ்சம் திட்டணுமா?"

என் வீட்டிலிருந்தே தொடங்கினேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கடிதம் முடிந்ததும், "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டார். ஒவ்வொருவராக எழுந்து வந்து ரேகை வைத்துவிட்டு, மையைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்கள். என்னை விட்டால் தையல்காரி மட்டும் கையெழுத்துப் போடத் தெரிந்தவள். போட்டாள். போட்டுவிட்டு அவர் கோட்டைப் பார்த்து, "பொத்தான் ஒண்ணு தொங்குது, கழட்டிக் குடுங்க" என்றாள். அவர் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் பதினொரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனோம். எதில் போனோம் என்று கேட்கிறீர்களா? அவர் படகில்தான். அவரை யார் என்றே தெரியாது என்று சொல்லப் போகிறவர்களை அவரே கைபிடித்து இறக்கிவிட்டார்.

அதிகாரி கடிதங்களை எண்ணிப் பார்த்தார். அவருக்குத் திருப்தி. கடைசியாக நங்கூரம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அப்ப உங்களுக்கு யாருமே இல்லையா?"

நாங்கள் பதினொரு பேரும் அவருக்குப் பின்னால் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தோம். அண்ணன் திரும்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"இல்லீங்க" என்றார்.

எங்கள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அதிகாரி முகம் மட்டும் மலர்ந்தது. ஏனென்றால் ஒப்பந்தக்காரர் வரிசைக்குப் பதின்மூன்றாக மூன்று வரிசை கட்டித் தொலைத்திருந்தார். முப்பத்தெட்டுக் குடும்பம், முப்பத்தொன்பது வீடு. மிஞ்சின ஒரு வீட்டை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று அலுவலகம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இப்போது விதிமுறைப்படி ஓர் ஆதரவற்றவர் கிடைத்துவிட்டார். பதினொரு பேர் எழுத்துமூலமாகச் சான்றளித்த ஆதரவற்றவர். இதைவிடச் சுத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? மேட்டில் எங்கள் புதிய குடியிருப்பைத் திறந்தபோது முதல் சாவியை அவருக்குத்தான் கொடுத்து, போட்டோ எடுத்து, பத்திரிகையில் போட்டார்கள். கோட்டில் பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

சாவியோடு ஒரு நிபந்தனையும் கொடுத்தார்கள். ஆறு மாதம் சரிபார்ப்பு நடக்கும். இந்தப் படகுக்காரர் எந்தக் குடும்பத்தோடாவது இருப்பதையோ சாப்பிடுவதையோ கண்டால் அவர் வீடும் போகும், அந்தக் குடும்பத்தின் வீடும் போகும்.

வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே அச்சு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். ஆற்றைப் பார்த்தால் எங்களுக்குப் பழைய நினைவு வந்து மனம் கஷ்டப்படும் என்று ஜன்னலை ரோட்டுப் பக்கம் வைத்திருந்தார்கள். ஆற்றைப் பார்க்காவிட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று தெரியாது. அதை யார் சொல்வது? முதல் வாரம் பாதிப் பேர் வீடு மாறி நுழைந்தார்கள். நுழைந்த இடத்தில் தட்டு வைத்ததும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதுதான் தன் வீடு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

முப்பத்தொன்பதாம் வீட்டுக்குள் மட்டும் யாரும் தவறியும் நுழையவில்லை. அவரும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

குடிவந்த மூன்றாம் நாள் படகில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஒரு ஆளுக்குச் சோறு வைக்கணும்னா எவ்வளவு அரிசி போடணும்?"

எனக்குத் தெரியவில்லை. அக்கரை வரும்வரை யோசித்தேன், என் அம்மா எனக்குச் சொல்லித் தந்ததே ஏழு பேருக்கு. அன்று மாலை நாலு வீட்டில் கேட்டேன். ஆறு பேருக்கு எவ்வளவு என்று தெரியும், பத்துப் பேருக்குத் தெரியும், கல்யாண வீட்டுக்குக்கூடத் தெரியும். ஒருவருக்கு எவ்வளவு என்று எங்கள் ஊரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அப்படி யாரும் சமைத்ததே இல்லை.

அவர் தானாக எதையோ பொங்கினார். ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் அடிப்பிடித்தது. ஒரு நாள் நிறையப் போட்டுவிட்டு மூன்று நாள் அதையே தின்றார். குடியிருப்பின் நடுவே அவர் நடந்து வந்தால் நாங்கள் கதவைச் சாத்தினோம். வெறுத்துச் சாத்தவில்லை. குழம்பு கொதிக்கிற வாசம் அவர் மூக்கில் படக்கூடாதே என்று வெட்கப்பட்டுச் சாத்தினோம். வெட்கத்துக்கும் வெறுப்புக்கும் கதவு ஒரே மாதிரிதான் சாத்துகிறது. ஒன்றரை மாதத்தில் கோட்டு அவர் மேல் மாட்டி வைத்த மாதிரி தொங்கியது. படகில் எந்நேரமும் வாயாடுகிறவர், "பாத்து ஏறுங்க, பாத்து இறங்குங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்படியே போனால் ஆறு எடுக்காத ஐந்தாவது ஆளை அலுவலகம் எடுத்துவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆனாலும் கதவைச் சாத்தினேன். வீடு போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என்னைவிடத் தைரியசாலி தையல்காரி. ஒரு நாள் பட்டப்பகலில், சோற்றுப் பானையைக் கையிலும் குழம்புச் சட்டியை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து முப்பத்தொன்பதாம் வீட்டை நோக்கிப் போனாள். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"அக்கா, என்ன பண்றீங்க? வீடு போயிடும்."

"அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு? படி."

"அவர் எந்தக் குடும்பத்தோடயும் சாப்பிடக்கூடாது, எந்த வீட்டுலயும்..."

"அவர் எங்க வீட்டுக்கு வந்தாத்தானே தப்பு? நான் அவர் வீட்டுக்குப் போறேன். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வரக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

வீட்டுக்குத் திரும்பி நிபந்தனைத் தாளை மூன்று தடவை படித்தேன். எழுதவில்லை. யாருமில்லாதவர் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை.

மறுநாள் என் பானையோடு நான் போனேன். அதற்கு மறுநாள் ஏழு பானை. பத்து நாளில், மதியமானால் பாதிக் குடியிருப்பு முப்பத்தொன்பதாம் வீட்டில்தான். அறைக்குள் இடம் போதாமல் வாசலிலும், ரோட்டு ஓரத்திலும், அவர் படகுப் பலகையைப் போட்டும் உட்கார்ந்தோம். அண்ணன் வீட்டுக்காரர் தோரணையில், "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று எங்கள் சோற்றை எங்களுக்கே பரிமாறினார். கோட்டு மறுபடி நெஞ்சில் இறுக ஆரம்பித்தது.

ஆனாலும் சரிபார்க்க யாராவது வந்தால் என்ன சொல்வது என்று நான் பாடம் நடத்தினேன். "எத்தனை பேர்னு கேப்பாங்க. ஒருத்தர்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க."

"ஒருத்தர்."

"மறுபடி."

"ஒருத்தர். ஏம்மா, நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

ஐந்தாம் மாதம் ஒரு மதிய நேரம், சாப்பாடு பாதியில் இருக்கும்போது, வாசலில் கணக்குக்காரர் நின்றார். அன்றைக்குக் காலை படகில் வராமல், எங்களைத் திடீரென்று பிடிக்க வேண்டும் என்ற மேலிட உத்தரவால், பல மைல் தள்ளி இருக்கும் பாலத்தைச் சுற்றி ஜீப்பில் வந்திருந்தார். நெஞ்சில் அதே கோப்பு. உள்ளே பார்த்தார், அறை நிறையக் கூட்டம். எல்லோர் கையும் தட்டில் அப்படியே நின்றது.

"இந்த வீட்டுல எத்தனை பேர்?" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அறையை ஒரு சுற்று, வாசலை ஒரு சுற்று, பலகையை ஒரு சுற்று, உதடு அசையப் பார்த்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

"நாப்பத்தி மூணு" என்றார். "உங்களையும் சேத்தா நாப்பத்தி நாலு. உக்காருங்க, ஆறிடும்."

பசியோ, ஜீப்பில் வந்த களைப்போ, கணக்குக்காரர் உட்கார்ந்துவிட்டார். தையல்காரி தட்டு வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. கை எச்சில். கணக்குக் கோப்பை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே எழுதிடுங்கம்மா. குடும்பத் தலைவர் அவர். மத்தவங்க அவருக்கு என்ன உறவுன்னு எழுதணும்."

படிவத்தில் எட்டு வரிதான் இருந்தது. பள்ளிக்கூடத்துத் தாள் வாங்கி ஒட்டிக்கொண்டேன். மருமகன், மருமகள், அத்தை, தம்பி, பேத்தி என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள், நான் எழுதினேன். தையல்காரி முறை வந்தது.

"போன தடவை இவரே ஏதோ எழுதினாரே" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "அதையே எழுது."

நாற்பது பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். நங்கூரம் அண்ணன் கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது. நான் 'மனைவி' என்று எழுதினேன். கடைசியாக என் பெயர். அதற்கு எதிரே 'தங்கை' என்று எழுதினேன். மூன்றே எழுத்து, அதை எழுத எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. கண் மறைத்தது.

கணக்குக்காரர் கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முழுவதையும் படித்தார்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா இந்த வீடு போகும். அந்தப் பதினொரு வீடும் போகும். தெரியுமில்ல?"

"தெரியும்ங்க" என்றேன். "அந்தப் பதினொண்ணையும் எழுதினதும் நான்தான்."

அவர் கோப்பிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். "ஒருத்தர்னு சொல்லுங்க. இதுல எழுதிடறேன், நான் எதையும் பாக்கல."

எல்லோரும் அண்ணனையே பார்த்தோம். நான் மனதுக்குள் சொல்லிவிடுங்கள் என்றும் நினைத்தேன், சொல்லாதீர்கள் என்றும் நினைத்தேன்.

"அன்னிக்கு ஆபீஸ்ல யாரும் இல்லைன்னு ஒரு தடவை சொன்னேன்" என்றார். "அதைச் சொல்லிட்டு எனக்கு ஒன்றரை மாசம் சோறு இறங்கல. மறுபடி என்னால சொல்ல முடியாதுங்க. வீட்டை வேணும்னா எடுத்துக்குங்க. கொட்டகை போட்டுக்குவேன்."

ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. பதினொரு வீட்டுக்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கணக்குக்காரர் நாற்பத்து மூன்று பேர் இருந்த படிவத்தைக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார். ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். "படகுலயே போறேன்" என்றார். எங்களுக்கு ஆச்சரியம், ஆனால் அந்த நேரத்தில் யார் யோசித்தார்கள்? நங்கூரம் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகக் கடிதம் வந்தது. உறையைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை, என் வீட்டுக்காரர்தான் கிழித்தார். சரிபார்ப்புக் கோப்பு, பணியின்போது படகு ஆடியதால் ஆற்றில் தவறி விழுந்துவிட்டது. எனவே விதிமுறைப்படி முன்பு அளிக்கப்பட்ட ஆவணங்களே இறுதியானவை. பன்னிரண்டு வீடுகளின் ஒதுக்கீடும் உறுதி செய்யப்படுகிறது.

அன்று காற்றே இல்லை, படகு ஆடவே இல்லை என்கிறார் அண்ணன். நடு ஆற்றில் அந்த மனிதர் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது மதியச் சாப்பாடு முப்பத்தொன்பதாம் வீட்டில்தான். தையல் மிஷினும் அங்கே போய்விட்டது. எனக்கு மட்டும் ஒரு குறை. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே உண்மையான படிவத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. அவர் எனக்கு யாருமில்லை என்று எழுதிய கடிதம் அலுவலகத்து இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அந்த அலமாரி இரண்டாவது மாடியில் இருக்கிறது, அங்கே எந்த வெள்ளமும் வராது.